மானிட்டருக்குப் பின்னால்

புதன்கிழமை மதியம் கம்ப்யூட்டர்த் திரையின் கீழ்ப்பாதி இருண்டது. வியாழன் காலையில் முழுவதும் போய்விட்டது. அன்று பிரேமகுமாரி கஞ்சியில் சிறுபயறு பிசைந்து, கரண்டியில் எடுத்து மகனின் உதட்டருகே கொண்டுபோனாள். ஷிபு வாயைத் திறக்கவில்லை.

"மக்கா, ரெண்டு வாய் குடி. மிஷினு இண்ணைக்கு இல்லெங்கி நாளைக்குச் செரியாவும்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கழுத்தைத் திருப்புவது அவனால் முடியும். மற்றதெல்லாம் அடுத்தவர் கையில் இருந்தது.

அவளுக்கு இந்த வாய்மூடல் தெரியும். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜிலிருந்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த புதிதில் நான்கு நாள் இப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். ஐந்தாம் நாள் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். குழாயை எடுத்த நர்ஸ் சொன்னாள்: "இனி ஒரு தடவை இவ்வளவு தாமசிச்சா உயிர் நிற்காது சேச்சி." பிரேமகுமாரி விரல்விட்டு எண்ணினாள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஞாயிறோடு நாலு நாள் ஆகிவிடும்.

பெருங்கடவிளைக்குக் கிழக்கே, ரப்பர்த் தோட்டங்கள் தொடங்கும் மேட்டில் அவர்கள் வீடு. ஒரு பசு, பத்து சென்ட் மரச்சீனிக் கிழங்கு, கிணற்றோரம் நாலு மூடு வாழை. அவள் கணவர் தாணு மரவெட்டுக்காரர். முதிர்ந்த ரப்பரையும் வீட்டுமேல் சாய்ந்த மரங்களையும் பேசி எடுத்து, ஆள் வைத்து வெட்டி, மில்லுக்கு அனுப்புவார். ஒரே மகன் ஷிபு நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். தொண்ணூற்றேழில், ஜூன் மாத இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில், அப்பாவோடு போயிருந்த அம்பூரி எஸ்டேட் ஒன்றில் பங்களா ஓட்டின்மேல் நீண்டுகிடந்த அயனி மரக் கொப்பில் கயிறு கட்ட ஏறியவன் விழுந்துவிட்டான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. கழுத்தெலும்பு நொறுங்கியது. தோளுக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

அதற்குப் பிறகு தாணு கோடாலியைத் தொடவில்லை. மண்வெட்டியால் கிளைக்கவும் மரச்சீனி நடவும் போனார். காலையிலும் சாயங்காலமும் மகனைத் தூக்கிக் குளிப்பாட்டுவதும், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதும் அவர்தான். அந்த நேரம் முழுக்க ஷிபு கண்ணை மூடிக்கொள்வான். வலித்தால், "பைய பிடிக்கச் சொல்லு அம்மே," என்பான். அப்பாவிடம் ஒரு சொல் பேசியதில்லை. இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆயிற்று.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது ஜிஜா. ஷிபுவுக்குப் பாடம் எடுத்த டீச்சர், பாறசாலைக்காரி. படிப்பு மையத்தில் பழைய மிஷின்களை மாற்றியபோது ஒன்றைக் கேட்டு வாங்கி, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவள்தான் ஒரு சாண் மூங்கில் குச்சியின் நுனியில் ரப்பர் செருகி, பல்லால் கடித்து எழுத்துகளை ஒவ்வொன்றாகக் குத்தப் பழக்கினாள். கீபோர்டை வைக்க, கட்டிலுக்குக் குறுக்கே நிற்கும் சாய்வுப் பலகையைத் தாணு செய்தார். ஆறு மாதத்தில் ஷிபுவுக்கு ஒரு வேலையும் கிடைத்தது. ஊர் வாசகசாலையின் மூவாயிரம் புத்தகங்களுக்கு அட்டவணை அடிப்பது. ஒரு நாளைக்கு நாற்பது புத்தகம். கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்க அடிப்பான். சாயங்காலம், "இண்ணைக்கு நாற்பத்திமூணு," என்று அம்மாவிடம் சொல்வான். ஆயிரத்தெண்ணூறாவது புத்தகத்தில்தான் திரை போயிற்று.

சனிக்கிழமை மதியம் ஜிஜா வந்தாள். கம்ப்யூட்டர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றி, டிஸ்ப்ளே கார்டை உருவி, அதன் பித்தளைப் பல்லை அழிரப்பரால் தேய்த்தாள். ஊதினாள். திரும்பச் செருகினாள். ஒன்றும் இல்லை. பிறகு மானிட்டரின் பின்னால் கேபிளை அசைத்துப் பார்த்தபோது திரை குபீரென்று வெளுத்தது.

"இதாக்கும் கேடு. கேபிள் உள்ளே இறங்குற இடம் விட்டுப்போச்சு. மேல தூக்கி, வலத்தோட்டு நெருக்கிப் பிடிச்சா படம் நிக்கும். விட்டா போவும்."

"ஒட்ட வச்சா?" என்றாள் பிரேமகுமாரி.

"மெக்கானிக்கு பற்ற வைக்கணும் அக்கா. அவரு அடுத்த ஆழ்ச்சதான் இந்தப் பக்கம் வருவாரு. அதுக்கு மேல இன்னொரு காரியமும் உண்டு. படம் தெரியாம சுவிட்சை இட்டும் அணைச்சும் உள்ளே விண்டோஸும் கெட்டுப்போச்சு. ஆதிலேர்ந்து புதுசா ஏத்தணும்."

அவள் சிடியை எடுத்துப் போடும்போது கரண்டு போயிற்று. ஐப்பசித் துலாமழை இடி கிழக்கே உறுமிக்கொண்டிருந்தது. ஐந்தரை வரை காத்திருந்தாள். கரண்டு வரவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஞாயிறு சபையில் அறுப்பின் பண்டிகை, திங்கள் ஹர்த்தால், செவ்வாய்தான் இனி வரமுடியும். வியாழக்கிழமையிலிருந்து அவன் ஒன்றும் தின்னவில்லை என்று பிரேமகுமாரி அவள் காதில் சொன்னாள். ஜிஜா கட்டிலருகே போய் நின்றாள்.

"ஷிபு, சிடியும் ஃப்ளாப்பியும் இஞ்ச வச்சிட்டுப் போறேன். வழி உனக்குத் தெரியும். ரெண்டு தடவை கிளாஸ்ல செய்திருக்கே."

அவன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "செய்வேன். கேபிளைப் பிடிக்க ஆள் வேணும்."

"நான் பிடிக்கேன்," என்றாள் பிரேமகுமாரி.

ராத்திரியே கரண்டு வந்துவிட்டது. ஞாயிறு காலை பசுவைக் கறந்து, சாணி வாரி, அவள் மானிட்டருக்குப் பின்னால் நின்றாள். ஷிபு சொன்னபடி ஃப்ளாப்பியைப் போட்டாள், சிடியைப் போட்டாள், சுவிட்சைத் தட்டினாள். கேபிளைத் தூக்கி நெருக்கினாள். படம் வந்தது. அவன் குச்சியைக் கடித்துக் குத்தத் தொடங்கினான். பத்து நிமிடத்தில் அவள் கை தளர்ந்து கேபிள் நழுவிற்று. பெட்டி ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் திரை அணைந்தது. குச்சி கீபோர்டில் தவறான கட்டையில் விழுந்தது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அவள் அழுதுவிட்டாள்.

"எனக்க கை நிக்கமாட்டேங்குது மக்கா."

"போட்டும் அம்மே, விடு," என்றான் ஷிபு. குச்சி வாயிலிருந்து விழுந்து பலகையில் உருண்டது. கண்ணை மூடிக்கொண்டான்.

பின்புறம் மரச்சீனி மூட்டில் மண் அணைத்துக்கொண்டிருந்த தாணு கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கிணற்றில் கையும் காலும் கழுவி, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டில் ஈரம் போகத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"நீ மாறு," என்றார் பிரேமகுமாரியிடம். "சொசைட்டிக்குப் பாலு கொண்டுபோவ நேரமாச்சு."

அவள் மகனைப் பார்த்தாள். குச்சியை எடுத்துத் துடைத்து, அவன் வாய் எட்டும் குவளையில் சாய்த்து வைத்துவிட்டு, பால் கேனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். போய்வர ஒரு மணி நேரம் ஆகும்.

தாணு சுவருக்கும் மேஜைக்கும் நடுவே உடம்பைச் செருகி நின்றார். கேபிளின் கழுத்தைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தார். அவர் நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது. மானிட்டரின் முதுகுக்கு மேலே மகனின் முகம் மட்டும் தெரிந்தது. கேபிளை மெல்லத் தூக்கினார். அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது. கையை நிறுத்தினார். வெளிச்சம் பாதியாயிற்று. மறுபடி அசைத்தார், முழுக்கப் போயிற்று.

ஷிபு வாசல் பக்கம் பார்த்தான். சொல்லி அனுப்ப அம்மா இல்லை.

"மேல," என்றான்.

தாணு தூக்கினார்.

"கொஞ்சம் கூட. வலத்தோட்டு. உங்களுக்கு வலத்தோட்டு இல்ல, எனக்கு. மதி, போதும்."

வெளிச்சம் நிலைத்து நின்றது. தாணுவின் கை அந்த இடத்தில் இறுகியது. முப்பது வருடம் கோடாலி பிடித்த கை. கயிறு அறுத்த தழும்புகள் உள்ளங்கைக்குக் குறுக்கே கிடந்தன.

ஷிபு குச்சியைக் கவ்வினான். குனிந்து குத்துவான், நிமிர்ந்து திரையைப் பார்ப்பான், மறுபடி குனிவான். மூன்று நாள் பட்டினியில் கழுத்து இரண்டு தடவை தளர்ந்து சாய்ந்தது. தாணு ஒரு அடி முன்னால் எடுத்து வைத்துவிட்டு நின்றுகொண்டார். கேபிளை விட முடியாது. ஷிபு தானே மூச்சு வாங்கி நிமிர்ந்தான். கேள்விகள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசிக் கட்டையைக் குத்திவிட்டுக் குச்சியைக் குவளையில் போட்டான்.

பெட்டிக்குள் சிடி சுழலும் சத்தம் எழுந்தது. திரையில் நீலக்கோடு ஒன்று ஊரத் தொடங்கியது. இனி நாற்பது நிமிடம் அது தானாகவே ஏறும். யாரும் பார்க்க வேண்டியதில்லை, யாரும் பிடிக்க வேண்டியதில்லை. ஷிபுவுக்கு அது தெரியும். அவன் சொல்லவில்லை. நிற்கட்டும் என்று நினைத்தான்.

தாணு நின்றார். வெளியே பூவாரிலிருந்து வரும் மீன்காரரின் சைக்கிள் ஹார்ன் இரண்டு தடவை கேட்டது. "சாளை உண்டே, சாளை," என்ற குரல் வாசல் படலைக்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டு மேட்டில் ஏறிப்போயிற்று. வேர்வை அவர் நெற்றியிலிருந்து இமைக்கு இறங்கியது. துடைக்கவில்லை.

"இப்பம் என்ன ஆவுது?" என்று கேட்டார்.

"ஏறிட்டிருக்கு."

"எவ்வளவு ஏறிச்சு?"

"நூறில பன்னிரண்டு."

"செரி."

இடி கொஞ்சம் பக்கத்தில் கேட்டது. பல்பு மங்கித் தெளிந்தது. இருவரும் பல்பைப் பார்த்தார்கள். கரண்டு போகவில்லை.

"அண்ணைக்கு மரம் நனைஞ்சு கிடக்குண்ணு நான் சொன்னேன்," என்றான் ஷிபு. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

தாணு, "சொன்னே," என்றார்.

"உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டுது."

"நாளைக்கு வெயில் வந்தபிறவு ஏறலாம்ணு சொன்னேன்."

"சொன்னே. மரம் ஏறுற பொன்னையனுக்குக் காய்ச்சல், வரேல்ல. மழை வலுத்தா கொப்பு ஓட்டுமேல விழும்ணு எஸ்டேட்டுக்காரரு நிண்ணு சத்தம் போட்டாரு. நான் உன்னைப் பாத்து, கம்ப்யூட்டரு படிச்சவனுக்கு மரம் ஏறினா கொறச்சலாண்ணு கேட்டேன். ஆளுவ எல்லாரும் சிரிச்சினும். நீ செருப்பைக் கழற்றினே."

ஷிபு எதிர்பார்த்தது வேறு. அவர் மறுப்பார், அல்லது பேசாமல் இருப்பார் என்றுதான் நினைத்திருந்தான். சிரிப்பையும் செருப்பையும் அவர் ஞாபகம் வைத்திருப்பார் என்று நினைக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்பம் என்ன சொன்னிய?"

"ஆரும் சொல்லேல்ல, அவனாட்டு ஏறினான், நான் பாக்கேல்லண்ணு சொன்னேன்."

"நான் அங்கதான் கிடந்தேன்."

"நீ போதம் இல்லாமக் கிடக்கேண்ணு நெனச்சேன்."

"போதம் உண்டாயிருந்து. கையைத் தூக்கணும்ணு பாத்தேன், தூக்க முடியேல்ல. அப்பமாக்கும் நீங்க அதைச் சொன்னிய."

கேபிளைப் பிடித்த கை அசைந்தது. ஷிபுவின் முகத்தில் வெளிச்சம் துள்ளி நின்றது.

"போலீஸு கேஸு ஆவும்ணு எஸ்டேட்டுக்காரரு வழியெல்லாம் சொல்லிட்டு வந்தாரு," என்றார் தாணு. "ஆனா அது இல்ல காரணம். உனக்க அம்மை ரூமு வாதில்ல நிண்ணா. ஓடிவந்து இரைச்சிட்டு நிண்ணா. அவளுக்கு முன்னால, நான் சொல்லித்தான் ஏறினாண்ணு சொல்ல எனக்கு நாக்கு பொங்கேல்ல. பிறவு எப்பளாவது சொல்லலாம்ணு நெனச்சேன். பிறவு ஒருநாளும் பொங்கேல்ல."

"அம்மைக்கு இப்பளும் தெரியாது."

"தெரியாது. நீ சொல்லுவேண்ணு நித்தமும் பாத்திட்டிருந்தேன். குளிப்பாட்டும்போ, இண்ணைக்குச் சொல்லியிருப்பானோண்ணு அவ மொகத்தைப் பாப்பேன். நீ சொல்லேல்ல."

"சொல்லி என்ன? எனக்க கையும் காலும் போச்சு. அம்மைக்கு நீங்களும் போவணுமா?"

தாணு குனிந்தார். மானிட்டரின் மேல்விளிம்பில் தாடையை ஊன்றிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை ஷிபு பார்த்தான். படம் ஆடவில்லை. கை மட்டும் தனியாக, வேறு யாருடையதோ போல, அப்படியே நின்றது.

கோடு பாதியைத் தாண்டியிருந்தது. ஷிபு இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான்.

"கையை எடுங்க," என்றான் கடைசியில். "இப்பம் படம் வேண்டாம். அது தானாட்டு ஏறும். ஆதியே சொல்லியிருக்கணும் நான். வேணும்ணாக்கும் சொல்லாம இருந்தேன்."

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"நேத்து பஸ்ஸு ஏறும்போ டீச்சர் சொல்லிச்சு. கேள்வி கேக்கிற வரைக்கும் பிடிச்சா மதி, பிறவு விடலாம்ணு."

"பின்னெ என்னத்துக்குப் பிடிச்சிட்டு நிக்கிய?"

தாணு துவர்த்தின் நுனியைத் தோளால் இழுத்து முகத்தைத் துடைத்தார். "விட்டா நான் வெளிய போவணும். நீ கண்ணை மூடிக்கிடுவே."

மழை பெரிய பெரிய துளியாக ஓட்டின்மேல் விழத் தொடங்கியது. முற்றத்தில் காலடிச் சத்தம் கேட்டது. பிரேமகுமாரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். கேனை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏறிச்சா?"

"அறுபத்தஞ்சு ஆச்சு," என்றான் ஷிபு.

அவர்கள் இருவர் முகத்தையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிரேமா, இஞ்ச வா," என்றார் தாணு. "ஒரு காரியம் சொல்லணும்."

"வேண்டாம்," என்றான் ஷிபு.

"வேணும் மக்கா." அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. கேபிளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அண்ணைக்கு இவன் அவனாட்டு மரத்தில ஏறேல்ல. நனைஞ்சு கிடக்கு, வேண்டாம்ணு சொன்னான். நான் ஏசி ஏத்தினதாக்கும். உன்னிட்ட நான் பொய் சொன்னேன்."

பிரேமகுமாரி தலையில் கிடந்த முந்தானையை எடுத்தாள். அதைப் பிழிந்தாள். தரையில் நீர் சொட்டியது.

"உள்ளதா மக்கா?"

"உம்," என்றான் ஷிபு.

அவள் கணவரைப் பார்த்துப் பேசியபோது குரல் உயரவில்லை. "ரெண்டு வருஷம் நான் இவனையாக்கும் ஏசினேன். என்னத்துக்கு ஏறினே, ஆரு ஏறச் சொன்னா, எங்க ரெண்டுபேரையும் நெனச்சியாண்ணு. பீ மூத்திரம் எடுக்கும்போ எல்லாம் கேட்டேன். இந்தப் பிள்ளை ஒண்ணும் சொல்லாம சுவரைப் பாத்திட்டுக் கிடக்கும். நீங்க அந்த வாதில்ல நிண்ணு கேட்டிட்டிருந்திய."

"கேட்டிட்டிருந்தேன்."

"ஒரு நாளாவது, நிறுத்து பிரேமாண்ணு சொன்னியளா?"



அவள் அடுக்களைக்குப் போனாள். மழை மட்டும் கேட்டது. பிறகு அடுப்பில் சுள்ளி முறியும் சத்தம். பிறகு பாத்திரத்தில் கரண்டி உரசும் சத்தம். அவள் திரும்பி வந்தபோது கையில் கஞ்சிப் பாத்திரம் ஆவி பறக்க இருந்தது. கட்டிலருகே வந்தவள் உட்காரவில்லை. மேஜையைச் சுற்றிப் போய்ப் பாத்திரத்தைத் தாணுவின் இடது கையில் வைத்தாள்.

"இந்தாங்க. நீங்க கொடுங்க. எனக்கு இண்ணைக்குக் கை பொங்காது."

திரும்பிப் போய்விட்டாள்.

தாணு வலது கையைக் கேபிளிலிருந்து எடுத்தார். திரை இருண்டது. பெட்டிக்குள் சுழலும் சத்தம் நிற்கவில்லை. விரல்கள் மரத்துப்போய் வளைந்த நிலையிலேயே நின்றன. தொடையில் இரண்டு தடவை தட்டி நீட்டினார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கரண்டி எடுத்து ஊதி, மகனின் உதட்டருகே கொண்டுபோனார். கஞ்சி கரண்டியின் விளிம்பில் தளும்பியது.

ஷிபு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடவில்லை. வாயைத் திறந்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று கரண்டி. நாலாவதில் புரையேறியது. தாணு அவன் தலையைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்து, இருமல் அடங்கும்வரை நெற்றியைத் தாங்கிக்கொண்டார். நனைந்த மண்ணும் வேர்வையும் மணத்தன.

"குடிக்க வெள்ளம் தாங்க அப்பா," என்றான் ஷிபு.

தாணு எழுந்து அடுக்களைக்குப் போனார். பிரேமகுமாரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கேட்பதற்கு முன்பே பானையிலிருந்து டம்ளரில் வார்த்து, முகம் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அவளிடம் ஏதோ சொல்ல நின்றார். அவள், "பிள்ளை விக்கிட்டுக் கிடக்கான், போங்க," என்றாள்.

அவன் முழு டம்ளரும் குடித்தான். மழை ஓய்ந்து ஓட்டிலிருந்து சொட்டுவது மட்டும் மிஞ்சியிருந்தபோது பெட்டி தானாகவே அணைந்து, ஒரு பீப் சத்தத்தோடு மறுபடி எழுந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் தாணு.

"இல்ல. இனியும் கேள்வி கேக்கும். பேரு கேக்கும், நம்பர் கேக்கும். பிடிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணிக்கூறாவது ஆவும். கொஞ்சம் இருந்திட்டுப் பிடிச்சாலும் மதி. அது காத்து நிக்கும்."

தாணு காலிப் பாத்திரத்தைத் தரையில் வைத்தார். குச்சியின் நுனியைத் துவர்த்தில் துடைத்து மகனின் பல்லுக்கு நடுவே கொடுத்தார். பிறகு எழுந்து, சுவரோடு உரசிக்கொண்டு மானிட்டருக்குப் பின்னால் போய் நின்றார்.